கடைசிப் பத்தியில் ஒரு பெயர்

வேங்கிக்கால்,
16-9-2025

சிந்துஜா அப்பாவுக்கு,

உண்ணாமலை எழுதுவது. நானும் சிந்துஜாவும் நலம். ஓசூர்க் குளிரில் உங்கள் மூக்கு என்ன பாடுபடுகிறதோ, அது உங்களுக்குத்தான் வெளிச்சம்.

போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். போனில் மூன்றாவது நிமிடம் நீங்கள் குரலை உயர்த்துகிறீர்கள், நாலாவது நிமிடம் நான் வைத்துவிடுகிறேன். நீங்கள் போன இந்த ஏழு வருடமாக இதுதான் நடக்கிறது. கடிதத்தில் கத்தினால் காகிதம்தான் கேட்கும். நீங்களும் எழுதியே பதில் போடுங்கள்.

விஷயம் கடைக் கம்ப்யூட்டர். 2009ல் நீங்கள் சென்னைக்குப் போய்ப் பாகம் பாகமாக வாங்கி வந்து பூட்டினீர்களே, அதேதான். நீங்கள் கிளம்பிப் போன பிறகு கடையில் என்னோடு உட்கார்ந்து வேலை செய்தது அது ஒன்றுதான். இப்போது அதுவும் கிளம்பப் பார்க்கிறது. காலையில் சுவிட்சைப் போட்டால் மூன்று தடவை உறுமி அணைகிறது. நாலாவது தடவை மனது வைத்து வருகிறது. வந்ததும் தேதி 2009 ஜனவரி ஒன்று என்கிறது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கலாம். இது எதற்கும் மசியவில்லை.

நேற்று திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீசில் மனு நாள் என்றால் நம் கடை வாசல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். பட்டா கேட்டு வந்த ஒரு பெரியவருக்கு மனுவைப் பாதி அடித்துக்கொண்டிருக்கும்போது திரை கறுத்துவிட்டது. "இன்னாம்மா, கரண்டு போச்சா?" என்றார். "கரண்டு இருக்குதுங்க, இதுதான் போச்சு" என்றேன். வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தாலே இப்போதெல்லாம் மறுநாள் கூட்டம்தான் ஞாபகம். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. துவைத்த துணியை மறுபடி ஊறப்போடுகிறேன் என்று சிந்துஜா கேலி செய்கிறாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ராமதாஸ் வந்து பார்த்தார். "அக்கா, இத்த இனிமே தொடக் கூடாது. ஒண்ணு மாத்துனா இன்னொண்ணு போவும். புதுசு எடுத்துடுங்க" என்கிறார். சிந்துஜாவும் அதையேதான் சொல்கிறாள். எனக்குத்தான் மனது வரவில்லை. பதினாறு வருடமாக ஒரே விசைப்பலகை, ஒரே எழுத்துரு. எல்லா மனுவுக்கும் மாதிரி அதில்தான் இருக்கிறது. புதுசில் அதெல்லாம் திறக்குமா, திறக்காதா?

ரிப்பேரா, புதுசா? நேராக ஒரு பதில் சொல்லுங்கள். எந்தக் கேள்விக்கும் நீங்கள் நேராகப் பதில் சொன்னதில்லை. இதற்காவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உண்ணாமலை


ஓசூர்,
22-9-2025

அன்புள்ள உண்ணாமலைக்கு,

உன் கடிதம் வந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸோ என்று ஒரு நிமிடம் திக்கென்று ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

நேராகப் பதில்: ரிப்பேர். தூக்கிப் போடாதே. ராமதாஸ் நல்லவர்தான், ஆனால் அவர் எதைப் பார்த்தாலும் புதுசு எடு என்பார். தலைவலி என்று போனால் தலையை மாற்றச் சொல்லுவார்.

தேதி மாறுவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும், மாற்றிவிடு. உறுமி அணைவதற்குக் காரணம் பவர் சப்ளை. நல்லதாக ஒன்று இங்கேயே பார்த்து, நாளை காலை திருவண்ணாமலை பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள். ராமதாஸைப் பூட்டச் சொல். அவர் பூட்டும்போது ரேம் என்கிற நீளப் பட்டையை எடுத்து அதன் பித்தளைப் பல்லைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய். பாதி நோய் அதிலேயே போய்விடும்.

புதுசு வாங்கினால் உன் பழைய எழுத்துரு ஒத்துப்போகாது. மாதிரி மனுவைத் திறந்தால் எழுத்தெல்லாம் கிறுக்கலாக வரும். அப்புறம் எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். நான் சொல்லிக்கொடுத்த முறைப்படிதானே இன்னும் செய்கிறாய்? மாதிரியைத் திற, பெயரை மாற்று, பிரிண்ட் எடு, சேமிக்காமல் மூடு. ஒவ்வொருத்தர் மனுவையும் சேமித்துக் குவித்தால் மாதிரி எது என்று உனக்கே தெரியாமல் போய்விடும்.

நான் வந்தால் எல்லாம் ஒரு மணி நேர வேலை. கார்த்திகைத் தீபத்துக்கு லீவு கேட்டிருக்கிறேன். நீ வரச் சொன்னால் வருகிறேன்.

சிந்துஜா ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினாள். காலேஜ் பஸ்ஸில் உட்கார இடமே கிடைப்பதில்லையாம். பார்த்துக்கொள்.

அன்புடன்,
சக்திவேல்


வேங்கிக்கால்,
7-10-2025

சிந்துஜா அப்பாவுக்கு,

பார்சல் வந்தது. ராமதாஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டே பூட்டிவிட்டுப் போனார். ரப்பர் வைத்துத் தேய்த்தது நான்தான். பேட்டரியும் மாற்றினேன். சுவிட்சைப் போட்டதும் முதல் தடவையிலேயே வந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம். தேதியும் சரியாக இருந்தது. உங்களை மனதுக்குள் பாராட்டினேன், அதை இப்போது எழுதியும் விட்டேன். ஜாஸ்தி பூரித்துப் போக வேண்டாம்.

அந்தப் பூரிப்பு நாலு நாள்தான். அஞ்சாவது நாள் திரையில் கீழே நாலு விரல் அகலத்துக்கு இருட்டு. மேலே தெளிவாகத் தெரிகிறது, கீழே ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தை மேலே நகர்த்தினால் பார்க்கலாம்தான். வாசலில் கூட்டம் நிற்கும்போது யார் நகர்த்துகிறார்கள்? கடைசி வரிகளைக் குத்துமதிப்பாக அடித்து, பிரிண்ட் வந்த பிறகு படித்துப் பார்த்துக் கொடுக்கிறேன்.

நேற்று திங்கட்கிழமை, அதோடு பௌர்ணமி. ஒரு பக்கம் மனுக் கூட்டம், ஒரு பக்கம் கிரிவலத்துக்கு வந்த கூட்டம். பஸ்ஸை எல்லாம் எங்கெங்கோ நிறுத்திவிட்டார்கள். கிராமத்திலிருந்து வந்தவர்கள் ரெண்டு மைல் நடந்து வந்து, மனு கொடுக்கும் நேரம் முடிந்துவிடுமோ என்று என் தலைமேல் நிற்கிறார்கள். "எனக்கு முன்னாடி குடு, எனக்கு முன்னாடி குடு" என்று ஒரே பிடுங்கல். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. பிரிண்ட் வரவர ஆள் பிடுங்கிக்கொண்டு ஓடியது. எதைப் படித்தேன், எதைப் படிக்காமல் விட்டேன் என்று இப்போது யோசித்தால் பகீர் என்கிறது.

தீபத்துக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு இந்த ஊருக்கு எல்லாரும்தான் வருவார்கள். நீங்கள் கம்ப்யூட்டருக்காக வருகிறீர்களா, வேறு எதற்காகவாவது வருகிறீர்களா? அதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உண்ணாமலை


ஓசூர்,
30-10-2025

உண்ணாமலைக்கு,

என்ன காரியம் செய்துவைத்திருக்கிறாய்?

கீழ்பென்னாத்தூரில் என் அண்ணன் ராஜேந்திரன் வீட்டுக்கு முந்தாநாள் வி.ஏ.ஓ. வந்திருக்கிறார். கையில் ஒரு மனு. ரேணுகாம்பாள் என்று ஒருத்தி, கணவன் கைவிட்டுவிட்டான், உதவித்தொகை வேண்டும் என்று கலெக்டருக்குக் கொடுத்தது. அதன் கடைசிப் பத்தியில் கணவன் பெயர் என் பெயர். ஊர் என் ஊர். தெரு என் தெரு. "உங்க தம்பி எங்கிருக்கார், எப்ப போனார்" என்று வாசலில் நின்று விசாரித்திருக்கிறார். தெருவே வந்து கேட்டிருக்கிறது.

அண்ணி போன் போட்டு என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஏன் தம்பி, ஓசூர்ல ஒருத்திய வச்சிருக்கன்னு இங்க பேசிக்கினாங்க. நான் நம்பல. இப்ப பார்த்தா பக்கத்துலயே ஒண்ணு வச்சிட்டுப் போயிருக்கியே" என்றார்கள். அண்ணன் போனையே வாங்கவில்லை. அந்த ரேணுகாம்பாள் கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்குத் தெரியாது. ஊர் வாயை மூட நான் எங்கே போய் மூடி தேடுவேன்?

அந்த மனு உன் கடையில் அடித்தது என்று வி.ஏ.ஓ. சொன்னாராம். உன் கடையில் அடித்த மனுவில் என் பெயர் எப்படி வந்தது? அடிக்கும்போது என்னை நினைத்துக்கொண்டு அடித்தாயா? இல்லை, வேண்டுமென்றே செய்தாயா?

உடனே பதில் போடு.

சக்திவேல்


வேங்கிக்கால்,
4-11-2025

சிந்துஜா அப்பாவுக்கு,

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். அண்ணி சொன்ன இடத்தில் சிரித்தேன். அப்புறம் கடையை அரைக்கதவு சாத்திவிட்டு அழுதேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. பௌர்ணமித் திங்கட்கிழமை நடந்தது அது. ரேணுகாம்பாள் என்பது அவலூர்ப்பேட்டை பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா. அவர் புருஷன் பெயர் சுப்பிரமணி. மேலே அந்த அம்மா பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர் எல்லாம் சரியாகத்தான் மாற்றினேன். கணவன் விவரம் கடைசிப் பத்தியில் வரும். அது அந்த நாலு விரல் இருட்டுக்குள் இருந்தது. மாற்றினேன் என்று நினைத்துக்கொண்டேன். பிரிண்ட்டைப் படிப்பதற்குள் அவர் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

மாற்றுவதற்கு முன்னால் அங்கே உங்கள் பெயர் எப்படி வந்தது என்றுதானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். கைவிடப்பட்ட பெண்களுக்கான அந்த மாதிரி மனு, முதலில் நான் எனக்காக அடித்தது.

நீங்கள் போன அடுத்த வருடம். ஆறு மாதம் என்று சொல்லிப் போனவர் பதினாலு மாதம் ஆகியும் வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் கடையில் ஆளில்லாதபோது உட்கார்ந்து அடித்தேன். கொடுக்க வேண்டும் என்று இல்லை, அடித்துப் பார்த்தேன். கொடுக்கவும் இல்லை. அடுத்த வாரமே ஒரு பெண் அதே மாதிரி மனு கேட்டு வந்தாள். கையில் தயாராக இருந்ததைத் திறந்து பெயரை மாற்றிக் கொடுத்தேன். அதிலிருந்து அதுவே மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் சொல்லிக்கொடுத்த முறைதான்: திற, மாற்று, பிரிண்ட் எடு, சேமிக்காமல் மூடு. அதனால் அடியில் உங்கள் பெயர் அப்படியே இருந்தது. வாயால் சொல்லாத உங்கள் பெயரை வாராவாரம் விரலால் அழித்துக்கொண்டிருந்தேன்.

அதில் ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துப் பாருங்கள். பொய்யாக ஒன்றும் எழுதவில்லை. "என் கணவர் குடிப்பவர் அல்ல, அடிப்பவர் அல்ல. ஏன் போனார் என்று என்னிடம் சொல்லவில்லை" என்று ஒரு வரி இருக்கும். சில பெண்கள் அதை எடுக்கச் சொல்லுவார்கள். "என் ஊட்டுக்காரன் ரெண்டும் பண்ணுவான், எழுதும்மா" என்பார்கள். பாதிப் பேர், "அது அப்பிடியே இருக்கட்டும்மா" என்பார்கள்.

ரேணுகாம்பாளை வரவழைத்து, அவரோடு நானும் போய் வி.ஏ.ஓ.விடம் தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். புது மனுவும் கொடுத்தாயிற்று. அந்த அம்மா என்னைத் திட்டுவார் என்று பயந்தேன். "பேரு எதுவா இருந்தா இன்னாம்மா, போனவன் போனவன்தானே" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

நேற்று மனு வேலை முடிந்ததும் கீழ்பென்னாத்தூருக்கும் போனேன். ஏழு வருடத்தில் முதல் தடவை. அண்ணனிடமும் அண்ணியிடமும் விவரமாகச் சொல்லிவிட்டேன். உங்களுக்கு ரெண்டாவது யாரும் இல்லை என்று நானே சாட்சி சொல்லிவிட்டு வந்தேன். அண்ணி காபி கொடுத்தார்கள். "அப்ப ஏன் வரமாட்டேங்கிறான்?" என்று கேட்டார்கள். அதை உங்களைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

போன கடிதத்தில் நான் கேட்டதற்கும் உங்களிடமிருந்து பதில் இல்லை.

இப்படிக்கு,
உண்ணாமலை


ஓசூர்,
12-11-2025

அன்புள்ள உண்ணாமலைக்கு,

போன கடிதத்தில் கத்திவிட்டேன். மன்னித்துக்கொள். காகிதம்தான் கேட்கும் என்று நீ எழுதினாய். அது உண்மையில்லை.

மனுவைப் படித்தேன். வேலைக்குப் போகும்போது சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய் மத்தியானமும் படித்தேன். ஏன் போனார் என்று சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். இப்போது சொல்கிறேன்.

எல்லார் கையிலும் போன் வந்த பிறகு கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு யாரும் வரவில்லை. நான் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் எல்லாம் "அக்கா இல்லியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். உனக்கு டீ வாங்கி வருவதும் பிரிண்டருக்குக் காகிதம் போடுவதும்தான் என் வேலை என்று ஆகிவிட்டது. நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுவே எனக்கு ஜாஸ்தி உறுத்தியது. ஓசூரில் ஆறு மாதம் சம்பாதித்துவிட்டு ஆளாகத் திரும்பலாம் என்று கிளம்பினேன். ஆறு மாதத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வருடம் ஆன பிறகு வெறும் கையோடு வர வெட்கம். ரெண்டு வருடம் ஆன பிறகு என்ன சொல்லி வருவது என்று தெரியவில்லை. இவ்வளவுதான். வேறு ஒருத்தியும் இல்லை, வேறு ஒரு கதையும் இல்லை.

ரிப்பேர் செய், தூக்கிப் போடாதே என்று நான் அடம்பிடித்தது கம்ப்யூட்டருக்காக இல்லை. அதை முதலிலேயே மாற்றச் சொல்லியிருக்க வேண்டும். ராமதாஸ் சொன்னது சரி. ஆனால் அது அங்கே ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்தக் கடைக்குள் நான் வருவதற்கு ஒரு வேலை இருக்கிறது என்று ஒரு நப்பாசை. நீ கேட்டதற்கு இதுதான் பதில். கம்ப்யூட்டருக்காக வரவில்லை. தீபத்துக்கு வருகிறேன். நல்ல மானிட்டர் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன்.

அந்த மாதிரியிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. எத்தனை பெண்களுடைய துக்கத்துக்கு அடியில் என் பெயர் கிடந்திருக்கிறது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பட்டா, முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்றிதழ் என்று மற்ற மாதிரி எல்லாவற்றிலும் பெயர் வரும் இடத்தில் கோடு போட்டிருக்கும். ஆரம்பத்தில் நான்தான் போட்டுக் கொடுத்தேன். இதில் மட்டும் நீ ஏன் கோடு போடவில்லை?

அன்புடன்,
உன் சக்திவேல்


வேங்கிக்கால்,
25-11-2025

திரு. சக்திவேல் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை வந்தது. மூன்று தடவை படித்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் பதில் எழுதலாம் என்று இருந்தேன். அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. உறுமவும் இல்லை. ரப்பரால் தேய்த்தேன், பேட்டரியைக் கழற்றிப் போட்டேன், தட்டினேன். வாசலில் மழைத் தூறலில் ஜனங்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். எல்லாருக்கும் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். ஒரு மணிக்கு விரல் மடங்கவில்லை. தீபம் வரைக்கும், நீங்கள் மானிட்டர் கொண்டு வரும் வரைக்கும் பொறுத்திருக்கலாமா என்று யோசித்தேன். இன்னும் ரெண்டு திங்கட்கிழமை இருந்தது. நான் பொறுத்தாலும் அவர்கள் பொறுக்க வேண்டுமே. சாயங்காலம் ராமதாஸுக்குப் போன் போட்டேன். புதன்கிழமை புதுசு வந்துவிட்டது. இந்தக் கடிதம் அதில்தான் அடிக்கிறேன். தட்டுத்தடுமாறித்தான் அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய டிஸ்க்கை ராமதாஸ் இதில் மாட்டித் திறந்து காட்டினார். நீங்கள் சொன்னது சரி. எல்லாம் கிறுக்கல். உங்கள் பெயர் இருந்த இடத்தில் அரைகுறை ஆங்கில எழுத்தும் குறியுமாக ஏதோ வந்தது. அதனால் எல்லா மாதிரியையும் முதலிலிருந்து அடித்தேன். பட்டா மனு, ரேஷன் கார்டு மனு எல்லாம் முடித்துவிட்டு இதைக் கடைசியாக எடுத்தேன்.

ஏன் கோடு போடவில்லை என்று கேட்டீர்கள். இதுவரைக்கும் நீங்கள் என்னிடம் கேட்ட கேள்விகளில் இதுதான் நல்ல கேள்வி. மறதியில்லை. ஒவ்வொரு தடவையும் கோடு போடலாம் என்று கை போகும், போடமாட்டேன். உங்கள் பெயரை அழிப்பேன், வேறொருத்தியின் புருஷன் பெயரை அடிப்பேன், பிரிண்ட் எடுப்பேன், சேமிக்காமல் மூடுவேன். அடுத்த தடவை திறந்தால் நீங்கள் திரும்பி வந்திருப்பீர்கள். வாரத்துக்கு ஒரு தடவை, சில வாரம் நாலு தடவைகூட வருவீர்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. பைத்தியக்காரத்தனம்தான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

டீ வாங்கி வந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த டீக்காகத்தான் நான் காலையில் கடைக்கே வந்துகொண்டிருந்தேன். இதை அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அது என் தப்பு. உங்கள் கடிதம் ஆறு வருடம் முன்னால் வந்திருந்தால், கடையைப் பூட்டாமல்கூட ஓசூர் பஸ்ஸில் ஏறியிருப்பேன். இப்போது உங்கள்மேல் கோபம் இல்லை. ஆனால் இங்கே ஏதாவது பழுதானால்தான் வருவேன் என்று நீங்கள் ஏழு வருடம் ஓசூரில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் பழுதாகாமல் ஓடிக்கொண்டிருந்தேன். இனிமேல் நீங்கள் வந்து என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை நான் நேராகச் சொல்லிவிடுகிறேன்: என்னோடு இருப்பதற்காக வர வேண்டாம்.

தீபத்துக்கு வாருங்கள். சிந்துஜா பஸ் ஸ்டாண்டுக்கு வருவாள். அவளுக்கு நீங்கள் அப்பா, அதில் எந்த மாற்றமும் இல்லை. அண்ணன் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள், அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். பழைய கம்ப்யூட்டரைச் சாக்கில் கட்டி மேஜைக்கடியில் வைத்திருக்கிறேன். நீங்கள் பூட்டினது, நீங்களே எடுத்துப் போங்கள். ஸ்க்ரூ எல்லாம் தனியாக ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். மானிட்டர் கொண்டு வர வேண்டாம்.

நீங்கள் கேட்டுக்கொண்டபடி மாதிரியிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் கோடு போட்டுச் சேமித்துவிட்டேன்.

நேற்று திங்கட்கிழமை. முதலில் வந்தது கைவிடப்பட்ட ஒரு பெண்தான், சின்ன வயது. திறந்தேன். அழிக்க ஒன்றும் இல்லை. மனு சீக்கிரமே முடிந்துவிட்டது.

உண்ணாமலை